பனியா, புகையா? கப்பலில் பார்த்தால்தான் தெரியும்!

நெடுங்காடு:
மார்கழி, தை விடிகாலையில் நெடுங்காடு வயக்காட்டுப் பக்கம் எதிரே வர்ற சைக்கிள்கூட தெரியாது. இங்கேயே இப்படின்னா, கிழக்கே கடலில் படகு ஓட்டுறவர் கதி?

காரைக்காலில்தான் டாப்ளர் ரேடார் இருக்கே என்று கேட்கலாம். ரேடார் காட்டுவது மழை மேகத்தை. நடுக்கடலில் காற்றழுத்தம் எவ்வளவு, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியுது என்பதை அங்கே போகிற கப்பல்தான் சொல்ல வேண்டும்.

தினமும் 4 வேளை

இதற்காகத் தாமாக முன்வந்த சரக்குக் கப்பல்கள் உண்டு. நம்ம நேரப்படி காலை 5.30, 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணிக்கு மாலுமி காற்று, அழுத்தம், வெப்பம் பார்த்து கரைக்கு அனுப்புவார். அந்தக் கருவிகளைச் சரிபார்க்க சென்னைத் துறைமுகத்தில் வானிலைத் துறைக்குத் தனி அலுவலகமே இருக்கு.

1 கிலோ மீட்டருக்குள் இருப்பதே தெரியலைன்னா அது மூடுபனி. பனியா புகையா என்று பார்க்க 2 வெப்பமானி போதும். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இரண்டும் ஒரே அளவு காட்டினால் பனி. நல்ல வித்தியாசம் இருந்தால் புகை, தூசி.

வங்கக் கடல் தண்ணீர் வெதுவெதுப்பானது. அதனால் நடுக்கடலில் அசல் மூடுபனி அபூர்வம். பல நேரம் கண்ணை மறைப்பது புகைமூட்டம்தான். 1999-ல் இந்தியப் பெருங்கடல் ஆய்வில் 'சாகர் கன்யா' கப்பலும் இதை அளந்தது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான விஞ்ஞானி ராமநாதன், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

ஓட்டை எங்கே?

புயல் என்றால் பெரிய கப்பல் விலகிப் போய்விடும். தகவல் அதிகம் தேவைப்படும் இடத்தில் அளக்க ஆள் இருக்காது. மாட்டுவது சின்னப் படகுதான். 2017 ஒகி புயலில் எச்சரிக்கை வந்தபோது குமரி மாவட்டப் படகுகள் பல ஆழ்கடலில் இருந்தன. கரையில் போட்ட சத்தம் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

2024 ஆகஸ்டில் 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் தரும் திட்டம் தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி போகும். ஆபத்துக்கு மட்டும் அதை வைக்காமல், "இங்கே காற்று மாறுது, எதிரே தெரியலை" என்று மீனவர் சொல்வதையும் வானிலைத் துறை வாங்கிக்கொள்ளலாமே? கடலைத் தினம் பார்க்கிற கண் அவர்களுடையதுதான். அது கிளிஞ்சல்மேட்டுப் படகுக்கும் உதவும், நெடுங்காட்டு அறுவடைக்கும் உதவும்.