ஒரு விளக்கும் நாலு கொப்பிகளும்



முப்பத்தாறு வயதுச் சகோதரி ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். சாதாரண தரத்தில் கணிதம் மட்டும் அவருக்குச் சித்தியில்லை. மீண்டும் எழுத ஆசை. "ஆனா, மகள் படிக்கிற புத்தகத்தை நான் தூக்கிக்கொண்டு திரிஞ்சா சனம் சிரிக்காதா அக்கா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதே கேள்வியை ஒரு காலத்தில் என்னையே நான் கேட்டுக்கொண்டவள்.

நான் ஒரு முன்பள்ளி ஆசிரியை. பதினாறு வயதில் கணிதத்தில் தவறினேன். பிறகு இடப்பெயர்வு, கலியாணம், பிள்ளைகள் என்று காலம் ஓடிவிட்டது. நாற்பது வயதில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தபோது கணவரைத் தவிர வேறு எவருக்கும் சொல்லவில்லை. இரவில் எல்லோரும் படுத்தபின் குசினியில் கொப்பியை விரிப்பேன். ஒரு கணக்கில் தடக்கினால் அன்றிரவு முழுவதும் அதிலேயே நிற்பேன். கடைசியில், "எனக்கு மூளை இல்லை" என்று முடிவுகட்டிக் கொப்பியை மூடிவிடுவேன்.

ஒருநாள் கடந்தகால வினாத்தாள் எடுக்கப் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போனேன். எங்கள் தையல்கார அக்கா எனக்கு முன்னால் நின்று அதே வினாத்தாளைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "மகனுக்கு" என்றார். நானும், "மகளுக்கு" என்றேன். அவருக்கு மகனே இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு என்பது அவருக்கும் தெரியும். இருவரும் சிரித்துவிட்டோம். அன்றுதான் எங்கள் குழு ஆரம்பமானது.

பின்னர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால், சீட்டுப் பிடிக்கும் மாமியும் வந்தார். மாமிக்கு ஐம்பத்திரண்டு வயது. "பேரன் கணக்குக் கேட்டா இனி அடுத்த வீட்டுக்கு அனுப்ப ஏலாது" என்பது அவருடைய காரணம்.

அது 2022ஆம் ஆண்டு. முந்திய டிசம்பரில் நடந்திருக்க வேண்டிய பரீட்சை மே மாதத்துக்குப் பிற்போடப்பட்டிருந்தது. மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. எங்களுக்கும் ஆளுக்கொரு வினாத்தாள் எடுக்கக் கட்டவில்லை. நாலு பேருக்கு ஒரு பிரதி, ஒரு விளக்கு, நாலு கொப்பிகள். இப்படித்தான் தையல்கார அக்காவின் விறாந்தையில் படித்தோம்.

வட்டத்தின் பரிதி எனக்கு எந்தக் காலத்திலும் விளங்கியதில்லை. பரிதி 66 சென்ரிமீற்றர் என்றால் ஆரை எவ்வளவு என்று ஒரு கேள்வி வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது குடை போல விரியிற பாவாடை வெட்டுறதுதானே! இடுப்பளவை ஆறால பிரிச்சு, கொஞ்சம் குறைச்சு வளைவு போடுவன்" என்றார். 66ஐ ஆறால் பிரித்தால் 11. கொஞ்சம் குறைத்தால் பத்தரை. சூத்திரத்தில் போட்டுப் பார்த்தோம். விடை சரியாக 10.5 வந்தது! அக்காவின் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாகத் தன் கைக்குத் தெரிந்தது கணிதம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அடைப்புக்குறிக்கு முன்னால் மறை அடையாளம் வந்தால் நான் குழம்புவேன். தங்கச்சி செய்து காட்டுவாள். ஆனால் ஏன் அப்படி என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மாமிதான் சொன்னார்: "மறை எண்டா கடன் எண்டு நினை. உன்ர கடனை ஒருத்தர் கழிச்சு விட்டா உனக்குக் கூடுமா, குறையுமா?" மறையைக் கழித்தால் ஏன் நேராகிறது என்பது அதோடு விளங்கிவிட்டது. எங்களில் எவருக்கும் முழுக் கணிதமும் தெரியாது. ஆளுக்கொரு துண்டு தெரிந்திருந்தது. அதைவிட, நேற்றுத் தடக்கி விழுந்தவளுக்கே அந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று நன்றாகத் தெரியும்.

இது எங்கள் விறாந்தையில் மட்டும் நடந்த அதிசயமல்ல. 1970களில் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்பவர் ஓர் ஆய்வு செய்தார். நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பலர் தவறவும் சீன வம்சாவளி மாணவர் நன்றாகச் செய்யவும் காரணம் என்ன என்று தேடினார். ஊக்கக் குறைவோ குடும்பச் சூழலோ காரணமாக இருக்கலாம் என்றே பலர் எண்ணியிருந்தனர். அவர் கண்டது வேறு. கறுப்பின மாணவர் கடுமையாகப் படித்தார்கள், ஆனால் தனித்தனியே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவரோ முதலில் தனியே செய்து பார்த்து, பின்பு கூடியிருந்து ஒருவர் விடையை மற்றவர் திருத்தினார்கள். பழைய வினாத்தாள்களையும் சேர்ந்தே செய்தார்கள். இதைக் கண்ட ட்ரைஸ்மன், மாணவர் குழுவாக இருந்து கடினமான கணக்குகளைச் செய்யும் பட்டறைகளை ஆரம்பித்தார். அவற்றில் சேர்ந்தவர்களின் பெறுபேறுகள் நன்றாக உயர்ந்தன.

"முதலில் தனியே, பின்பு கூடி" என்ற ஒழுங்கைக் கவனியுங்கள். எங்களிடம் இல்லாமற் போனது அதுதான்.

மே 23இல் ஆரம்பமான பரீட்சைக்கு நால்வரும் போனோம். நவம்பரில் பெறுபேறு வந்தது. எனக்கும் மாமிக்கும் சாதாரண சித்தி. தங்கச்சிக்குத் திறமைச் சித்தி. எங்களுக்கு வட்டத்தையும் முக்கோணத்தையும் விளங்கவைத்த தையல்கார அக்கா தவறிவிட்டார்.

அன்று எனக்குச் சித்தியடைந்த சந்தோசமே வரவில்லை. அவருடைய பழைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் பிழை எங்கே என்று விளங்கியது. பாதிக் கணக்குகள் முடிக்கப்படாமல் கிடந்தன. அவர் வாயால் சொல்ல, நாங்கள் எழுதியிருக்கிறோம். தேத்தண்ணீர் போடவும் அவரே எழும்பியிருக்கிறார், அது அவருடைய வீடல்லவா? இரண்டு மணித்தியாலம் விடாமல் இருந்து ஒரு வினாத்தாளை அவர் தன் கையால் எழுதியதே இல்லை. நாங்கள் அவரிடமிருந்து எடுத்தோம். அவருக்கு என்ன தேவை என்று பார்க்கவில்லை.

"நீங்கள் பாஸாகிட்டீங்க. இனி ஏன் மினக்கெடுறீங்க?" என்றார் அக்கா. "மறுகா எங்களுக்கு ஆர் தேத்தண்ணி தாறது?" என்றார் மாமி. அடுத்த ஞாயிறே நால்வரும் கூடினோம். இம்முறை கூடியது என் வீட்டில். தேத்தண்ணீர் போட்டவள் நான். அக்கா மணிக்கூட்டை வைத்து முழு வினாத்தாளையும் தனியே எழுதினார். அதன் பிறகே கதை. 2023இல் மீண்டும் எழுதினார். சித்தியடைந்தார்.

நீங்களும் குழுவாகப் படிக்க விரும்பினால் சிலவற்றை மனதில் வையுங்கள். நான்கு, ஐந்து பேர் போதும். நாளும் நேரமும் மாறக்கூடாது. கணக்கை முதலில் ஒவ்வொருவரும் தனியே செய்து பாருங்கள். அடுத்தவர் கொப்பியைப் பார்த்து எழுதுவது உதவியல்ல, அவரவர் தடக்கும் இடத்தை அது மறைத்துவிடும். நால்வருக்கும் விளங்காததை ஒரு தாளில் எழுதிவைத்துத் தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லோரும் சேர்ந்து பிழையாக விளங்கிக்கொள்வதும் உண்டு. ஒருத்தி இரண்டு தடவை வராவிட்டால் தொலைபேசியில் விசாரிப்பதோடு நிற்காமல் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். படிப்பை விடுகிறவள் பெரும்பாலும் பாடம் கடினம் என்று விடுவதில்லை, தன்னை எவரும் தேடவில்லை என்றுதான் விடுகிறாள்.

என்னிடம் வந்த சகோதரிக்கு இவ்வளவையும் சொல்லிவிட்டு, தையல்கார அக்காவின் வீட்டைக் காட்டிவிட்டேன். சனம் சிரிக்குமா என்று அவர் கேட்டாரல்லவா? சிரிக்கத்தான் செய்தது. ஆனால் நாலு பேராக இருந்தபடியால் நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.