ஃபைல் நம்மளது... சாவி யார்கிட்ட?

'2003-ம் வருஷ காலேஜ் மலரோட ஃபைல் சி.டி-யில பத்திரமா இருக்கு'ன்னு யாராவது சொன்னா உடனே குஷியாகிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ். 'எந்த சாஃப்ட்வேர்ல? எந்த வெர்ஷன்ல?'னு ரெண்டு கேள்வி கேளுங்க!

அப்போ டி.டி.பி. சென்டர்களின் சூப்பர் ஸ்டார் பேஜ்மேக்கர். 1985-ல் ஆல்டஸ் நிறுவனம் முதல்ல மெக்கின்டாஷுக்காகக் கொண்டு வந்தது. 1994-ல் ஆல்டஸையே அடோபி வாங்கிடுச்சு. வெர்ஷனுக்கு வெர்ஷன் ஃபைலோட வாலும் மாறும். 6.5-ல சேவ் பண்ணா 'பி65', 7.0-ல 'பிஎம்டி'. 2001-ல் வந்த 7.0-தான் கடைசி. அதோட ஆட்டம் க்ளோஸ்!

எந்தப் பத்தி எங்கே உட்காரணும், எந்த எழுத்து எந்த சைஸ்னு எல்லாத்தையும் ஃபைல் தனக்கே உரிய ரகசிய பாஷையில எழுதி வெச்சிருக்கும். அந்த பாஷை கம்பெனிக்குத்தான் தெரியும். அடோபியோட அடுத்த வாரிசு இன்டிசைன், 2012-ல் வந்த சி.எஸ்.6 வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்துச்சு. அப்புறம் வந்த சி.சி. வெர்ஷன்கள் கையை விரிச்சிடுச்சு.

நம்ம தமிழுக்கு டபுள் சிக்கல். யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்கள், இங்கிலீஷ் எழுத்தோட ஸீட்ல தமிழ் எழுத்தை உட்கார வெச்சிருந்தன. அதுவும் ஃபான்ட்டுக்கு ஃபான்ட் வேற வேற ஸீட். ஃபைல் திறந்தாலும் அந்த ஃபான்ட் இல்லேன்னா, சீனியர் அக்கா உருகி உருகி எழுதின கவிதை வெறும் கிறுக்கலாத்தான் தெரியும்!

ஒரு ஆறுதல்... ஃபைலைப் பிரிச்சு மேய்ஞ்சு அந்த பாஷையைக் கண்டுபிடிச்ச புரோகிராமர்கள் புண்ணியத்துல, 2015-ல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4-லேருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்க முடியுது. அதுவும் இலவசமா! லே-அவுட் கொஞ்சம் கலையலாம். ஆனா, மேட்டர் மிஞ்சும்.

இந்த வருஷம் சிம்போசியம் மலர் போடுறீங்களா? டிசைன் பண்ற அண்ணன்கிட்ட வெறும் இன்டிசைன் ஃபைலை மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க. 2008-லயே சர்வதேசத் தரமாகிவிட்ட பி.டி.எஃப்.; பழைய இன்டிசைன்லயும் திறக்கிற ஐ.டி.எம்.எல். (சி.எஸ்.4 வரை பின்னாடி போகும்), கூடவே படங்கள், ஃபான்ட் பேரு, யூனிகோட்ல மேட்டர். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கேளுங்க.

அண்ணன் முறைச்சா ஒரு டீ வாங்கிக் கொடுங்க. இருபது வருஷம் கழிச்சு ரீயூனியன்ல, 'அப்பவே எவ்ளோ மொக்கையா எழுதியிருக்கே பாரு மச்சி!'ன்னு கலாய்க்க ஆதாரம் வேணாமா?