வழுக்குகிற சக்கரத்துக்கே வாழ்வு!

லப்பைக்குடிக்காட்டு வாசகர் ஒருவர், துபாயில் வேலை, லீவில் ஊருக்கு வந்த இடத்தில் எழுதியிருக்கிறார். அங்கே செகண்ட் ஹாண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறாராம். பின்சக்கர டிரைவ். 2025 ஜனவரியில் அஜித்குமாரின் டீம் துபாய் 24 மணி நேர ரேஸில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்ததிலிருந்து மனுஷருக்குத் தூக்கம் போய்விட்டது. லீவு நாளென்றால் காரோடு ரேஸ் டிராக்கில் ஆஜர். ‘எல்.எஸ்.டி. போடலாம்னு இருக்கேன் சார், எதை வாங்கறது?’ என்று கேட்கிறார்.

(போலீசுக்குப் போன் போட வேண்டாம். இந்த எல்.எஸ்.டி., ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல்’. போதை இதிலும் கொஞ்சம் உண்டு. செலவு நிறையவே உண்டு.)

ஊருக்கு வந்ததுதான் வந்தீர்கள், ஒரு மழை நாள் மறுநாள் வெள்ளாற்றங்கரைப் பக்கம் வயலில் இறங்கின டிராக்டரைப் பாருங்கள். ஒரு பின்சக்கரம் சேற்றில் மாட்டி விர்ரென்று சுற்றும். கெட்டித் தரையில் இருக்கிற இன்னொன்று, பந்தியில் கவனிக்கப்படாத மாமா மாதிரி அசையாமல் நிற்கும். டிரைவர் குதிகாலால் ஒரு பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுழன்று வண்டி மேலே வந்துவிடும். வந்ததும், திருப்புவதற்கு முன்னால், காலை எடுத்துவிடுவார். அந்தப் பெடல்தான் டிஃபரென்ஷியல் லாக்.

ஏன் காலை எடுக்க வேண்டும்? உங்கள் காரின் இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். கார் ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட சுமார் 9.4 மீட்டர் அதிகம் ஓடுகிறது. வட்டம் சின்னதோ பெரியதோ, இதே கணக்குதான் (நம்பாதவர்கள் ஆபீஸில் வேலை இல்லாத நேரத்தில் பேப்பரில் போட்டுப் பார்க்கலாம்). இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் திருப்பத்தில் டயர் தேயும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். அதனால்தான் ‘ஆளுக்கொரு வேகத்தில் போய்க்கொள்ளுங்கள்’ என்று விடுகிற டிஃபரென்ஷியலை பிரான்சின் பெக்கர் 1827-லேயே நீராவி வண்டிக்காகப் பேடண்ட் எடுத்தார்.

இதில் ஒரு வினை. வேகத்தில் சுதந்திரம் கொடுக்கிற இந்தப் பெட்டி, முறுக்குவிசையைச் சரிபாதியாகப் பங்கு போடும். வழுக்குகிற சக்கரம் எவ்வளவு தாங்குமோ, நல்ல பிடிப்பில் இருக்கிற சக்கரத்துக்கும் அவ்வளவேதான் படி. ரேஸ் டிராக்கில் வளைவிலிருந்து வெளியே வரும்போது உள்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் அது புகை விடும், கார் நகராது. 1930-களில் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் ரேஸ் கார்களிலேயே இந்தத் தலைவலி இருந்தது. இசட்.எஃப். கம்பெனியின் லிமிடெட் ஸ்லிப் வந்துதான் தீர்த்தது.

இப்போது கடைக்கு வருவோம். முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று பிளேட் டைப். உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் தட்டுகள் நெருக்கி இரண்டு சக்கரத்தையும் ஒட்ட வைக்கும். ‘ஒன் வே’ என்றால் மிதிக்கும்போது மட்டும் இறுக்கும். ‘டூ வே’ காலை எடுத்தாலும் அதே அளவு இறுக்கும். டிரிஃப்ட் அடிப்பவர்கள் சமாசாரம். ‘ஒன்றரை வே’ நடுவில். தட்டு தேயும், மெதுவாகத் திரும்பினால் கடகடக்கும். மாமியாரை உட்கார வைத்து ஓட்டினால் ‘என்ன மாப்ளே, வண்டி உடைஞ்சிருக்கா?’ என்று கேட்பார்.

இன்னொன்று ஹெலிகல். டார்சென் என்ற பெயரில் பிரபலம். தட்டே கிடையாது; சாய்ந்த பற்சக்கரங்கள் தங்களுக்குள் உராய்ந்தே வேலையை முடிக்கும். சத்தமில்லை, தேய்மானம் குறைவு. ஆனால் அது பெருக்கல் கணக்குப் போடுகிற ஆசாமி: பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்குவதைப் போல இரண்டு, மூன்று மடங்கை மற்றதற்குக் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்.

என்னைக் கேட்டால், வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸுக்கும் ஒரு நாள் டிராக்குக்கும் போகிற காருக்கு ஹெலிகல் போதும். லேப் டைமில் அரை செகண்டுக்கு உயிரை விடுகிறவரென்றால் ஒன்றரை வே பிளேட் டைப். முன்சக்கர டிரைவ் வைத்திருக்கிற மற்ற வாசகர்களுக்கும் ஹெலிகல்தான். முரட்டு பிளேட் டைப்பைப் போட்டால் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.

பிளேட் டைப் வாங்கினால் அன்றைக்கே டிராக்குக்கு ஓடாதீர்கள். புதுச் செருப்பு மாதிரிதான், கடிக்கும். கம்பெனி தாளில் சொன்ன கியர் ஆயிலையே ஊற்றி, காலி மைதானத்தில் மெதுவாக எட்டு போடுங்கள். ஆமாம், லைசென்ஸுக்குப் போட்டீர்களே, அதே எட்டு. இடமும் வலமும் சமமாக, லேசாக மிதித்தும் விட்டும், ஒரு இருபது நிமிஷம். ஆற விட்டு மறுபடி. பிறகு சில நூறு கிலோமீட்டர் சாதுவாக ஓட்டி ஆயிலை மாற்றுங்கள். பழைய ஆயிலில் பென்சில் தூள் மாதிரி கறுப்பு இருந்தால் சரி, தட்டுகள் ஒன்றோடொன்று படிந்திருக்கின்றன. சில்லுச் சில்லாக உலோகம் வந்தால் பெட்டியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். கடகட சத்தம் பிடிக்கவில்லை என்று உராய்வு குறைக்கும் மருந்தைத் தாராளமாக ஊற்றினீர்களானால் சத்தத்தோடு எல்.எஸ்.டி.யும் போய்விடும்.

ஈர ரோட்டில் ஜாக்கிரதை. முன்பு ஒரு சக்கரம் வழுக்கும், இன்னொன்று காரைப் பிடித்துக்கொள்ளும். இனி இரண்டும் சேர்ந்தே வழுக்கும், பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். ‘துபாயில் ஏது மழை’ என்கிறவர்கள் 2024 ஏப்ரல் 16-ஐ நினைத்துக்கொள்ளவும்.

இன்னொன்று, இதுதான் பெரிது. சாதா காரில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, இன்ஜினை ஓட்டி, கியர் போட்டுச் சத்தம் கேட்கிற பழக்கம் சில மெக்கானிக்குகளுக்கு உண்டு. தூக்கின சக்கரம் மட்டும் சுற்றும், கார் நிற்கும். அந்தப் பழக்கமே நல்லதில்லை. பிளேட் டைப் போட்ட காரில் அதைச் செய்தால், தரையில் இருக்கிற சக்கரத்துக்கும் விசை போகும். கார் ஜாக்கியிலிருந்து குதிக்கும். கீழே ஒருவர் படுத்திருப்பார். காரை வாங்கப்போகிற அடுத்தவருக்கும் இது தெரிந்திருக்காது. அதனால் பெட்டி மாட்டின அன்றைக்கே ஜாக்கிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்: ‘எல்.எஸ்.டி. உள்ளது. இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தாமல் கியர் போடாதே.’ தமிழில் மட்டும் வேண்டாம். துபாய் ஒர்க்‌ஷாப்பில் மலையாளமும் உருதும் இன்னும் அவசியம்.