777 தீர்வன்று, பொறுப்புத் துறப்பு

வலைச் சேவையகத்தில் ஏற்றிய நிரல் ஓட மறுத்து, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வரி திரையில் தோன்றியதும், கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் கைவைத்தியம் போல ஒரு கட்டளை கைமாறுகிறது: கோப்புறை முழுவதற்கும் ‘சிஎச்மாட் 777’. பிழை மறைகிறது, பக்கம் திறக்கிறது, எல்லோரும் கலைந்து செல்கின்றனர். யாருக்கு மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்ற இரு கேள்விகளும் அங்கேயே புதைக்கப்படுகின்றன. காரணத்தை ஆராயாமல் அறிகுறியை அகற்றுவதை வேறெந்தத் துறையிலும் ஆய்வென்று ஒப்பாத கல்வியுலகம், தன் சேவையகத்தில் மட்டும் அதற்குச் ‘சரிசெய்தல்’ என்று பெயரிட்டுக்கொள்கிறது.

இவ்வழக்கத்தால் இழப்பவர் யார்? பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் வாழும் தமிழரை எண்ணிப் பார்க்கலாம். எல்லையோரப் பேச்சுவழக்கு, எஸ்டேட் லயங்களின் நினைவுகள், 2015இல் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் நடத்திய பெம்பிளை ஒருமைப் போராட்டம் பற்றிய வாய்மொழிகள் ஆகியவற்றைத் திரட்டும் ஆய்வு மாணவரின் ஒலிக்கோப்புகள் இறுதியில் ஏதேனும் ஒரு துறைச் சேவையகத்தின் பதிவேற்றக் கோப்புறையைத்தான் சென்றடைகின்றன. தகவலாளி ஒப்புதல் அளித்தது அந்த ஆய்வாளருக்கு. 777 என்னும் எண் அவ்வொப்புதலை அவர் அறியாமலே திருத்தி எழுதுகிறது. கேட்கும் உரிமையோடு, மாற்றும் உரிமையையும் அழிக்கும் உரிமையையும் அது முகமறியாதோருக்கு வழங்கிவிடுகிறது.

இது மிகைக்கூற்றன்று. யூனிக்ஸ் மரபில் ஒவ்வொரு கோப்பையும் அணுகுவோர் மூவகையினர்: உரிமையாளர், குழு, பிறர். படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. மூவகையினருக்கும் 7 அளிப்பதே 777. ‘பிறர்’ என்பது அக்கணினியில் கணக்குள்ள எவரையும், அங்கு ஓடும் எந்த நிரலையும் குறிக்கும். ஒரே சேவையகத்தில் பத்துத் துறைகளின் தளங்கள் இருந்தால், ஒன்பது துறைகளின் கவனக்குறைவும் பத்தாவது துறையின் ஆவணங்களைத் தொடும். புதுப்பிக்கப்படாத ஒரு பழைய நிரலில் உள்ள ஓட்டை வழியே நுழைபவர், எழுதத் திறந்து கிடக்கும் கோப்புறைகள் அனைத்திலும் தம் நிரலை வைத்துவிடலாம்.

தவறின் வேர் கோப்பில் இல்லை. கேட்பவர் யார் என்று பார்க்கத் தவறுவதில் இருக்கிறது. மாணவர் தம் கணக்கில் நுழைந்து நிரலை இயக்குகிறார், அது ஓடுகிறது. உலாவியில் திறந்தால் ஓடவில்லை. உடனே ‘சேவையகம் பழுது’ என்ற முடிவுக்கு வருகிறார். ஆனால் உலாவியின் வேண்டுகோளை நிறைவேற்றுவது அவரது கணக்கன்று. டெபியன், உபுண்டு வகைகளில் அப்பாச்சி ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிக் கணக்கிலும், ரெட்ஹாட் வகைகளில் ‘அப்பாச்சி’ என்ற கணக்கிலும் இயங்குகிறது. அக்கணக்கின் கண்ணால் கோப்பைப் பார்க்காதவரை எந்த எண்ணும் ஊகமே.

கோப்பை மட்டும் பார்ப்பதும் போதாது. 2020 மே மாதத்தில் வாளையாறு எல்லையில், அனுமதிச் சீட்டு இல்லாததால் கேரளத்துக்குள் நுழைய முடியாமல் பலர் காத்துக் கிடந்தனர். வீட்டுச் சாவி கையில் இருந்தென்ன? வழியில் ஒரு சாவடி அடைத்திருந்தால் வீட்டை அடைய முடியாது. கோப்பின் பாதையும் அத்தகையதே. மேலிருந்து கீழ்வரை உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் கடந்து செல்லும் அனுமதி, அதாவது அதன் இயக்க அனுமதி, வேண்டும். உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் பயனர் இல்லக் கோப்புறைகள் 750 என்ற அனுமதியோடு அமைகின்றன. அதற்குள் வைத்த தளத்தைச் சேவையகம் எட்ட முடியாது. கடைசிக் கோப்புக்கு 777 இட்டாலும் பயனில்லை. பாதையின் ஒரு கூறில் தேடல் அனுமதி இல்லை என்று அப்பாச்சியின் பிழைப்பதிவே எழுதி வைக்கிறது. ‘நேம்ஐ’ கட்டளை பாதையின் ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டிவிடும். இரண்டு நிமிட வேலை இது. அதைச் செய்யாததற்குக் காரணம் நேரமின்மை என்று சொல்வது நேர்மையன்று.

இன்னும் வேடிக்கை, 777 பல இடங்களில் தான் வாக்களித்த அற்ப நிவாரணத்தைக்கூடத் தருவதில்லை. அப்பாச்சியின் சூஎக்ஸெக் அமைப்பு, பிறர் எழுதக்கூடிய நிரலை இயக்கவே மறுக்கும். அங்கே 777 நோயாகவே மாறிவிடுகிறது. எஸ்இலினக்ஸ் செயற்படும் கணினியில் மறுப்பு வேறொரு அடுக்கிலிருந்து வரும். கோப்பின் அடையாளக் குறியை உரியவாறு திருத்தாமல் எந்த எண்ணும் உதவாது. விண்டோஸில் எழுதிய சிஜிஐ நிரலின் வரிமுடிவுக் குறிகளால் எழும் 500ஆம் எண் பிழைக்கு அனுமதியோடு தொடர்பே இல்லை. சிஜிஐ நிரலுக்கு இயக்க அனுமதி வேண்டும். அப்பாச்சிக்குள்ளேயே ஓடும் பிஎச்பி நிரலுக்குப் படிக்கும் அனுமதி போதும். இவ்வேறுபாடுகளையெல்லாம் ஒரே எண்ணால் மூடுவது அறியாமைக்குப் போடும் போர்வை.

‘சிறிய கல்லூரி, தனி நிர்வாகி இல்லை, நாளை மதிப்பீட்டுக் குழு வருகிறது’ என்ற சமாதானம் வழக்கமாக எழும். நிர்வாகி இல்லாத இடத்தில்தான் சேவையகத்தின் எச்சரிக்கையே ஒரே காவலாள்; அதன் வாயை அடைப்பது எங்ஙனம் நியாயமாகும்? ‘இதில் இரகசியம் எதுவுமில்லையே’ என்பது அடுத்த வாதம். நூல் எல்லோருக்கும் திறந்திருக்கும் நூலகத்தில் எவரும் பக்கத்தைக் கிழித்து வேறு பக்கம் ஒட்டலாம் என்று விதி உண்டா? திறந்த அணுக்கத்துக்குப் படிக்கும் அனுமதியே போதும். எழுதும் அனுமதி அதன் பகுதியன்று.

செய்ய வேண்டியது கடினமன்று. முதலில் பிழைப்பதிவைப் படித்தல்; பிறகு எந்தக் கணக்கு கேட்கிறது என்று அறிதல்; பிறகு பாதையை மேலிருந்து சோதித்தல். நிரல்களுக்குப் பொறுப்பாளரை உரிமையாளராகவும் சேவையகக் கணக்கைக் குழுவாகவும் அமைத்து, கோப்புக்கு 640, கோப்புறைக்கு 750 அளித்தால் பெரும்பாலான தளங்கள் நலமாக ஓடும். சிஜிஐ நிரலுக்கு மட்டும் 750 தேவை. எழுதும் உரிமையைப் பதிவேற்றக் கோப்புறை ஒன்றுக்கு மட்டும் தந்து, அங்கே நிரல்கள் ஓடாதவாறு தடுத்துவிட வேண்டும்.

2001இல் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கி, 2017இல் அதைக் ‘கைட்’ நிறுவனமாக வளர்த்து, பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளை நிலைநிறுத்திய மாநிலம் கேரளம். எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளி மாணவரும் லினக்ஸைத் தொட்டுப் பழகியே கல்லூரிக்கு வருகிறார். அவரிடம் ‘777 போடு’ என்று சொல்லும் ஆசிரியர், அவர் கொண்டுவந்த அறிவையும் சேர்த்தே அழிக்கிறார். தரவு மேலாண்மைத் திட்டம் கேட்கும் ஆய்வு நெறிக் குழுக்கள் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கட்டும்: தகவலாளியின் குரல் வைக்கப்பட்டுள்ள கோப்புறையில் எழுதும் உரிமை யாருக்கெல்லாம் உண்டு? விடை ‘எல்லோருக்கும்’ என்றால், அந்த ஒப்புதல் படிவத்தில் பெற்ற கையெழுத்துக்குப் பொருளில்லை.