பாட்டுக்கு விலங்கா?

பாட்டைப் படைத்தவருக்கு அதில் பாத்தியதை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. முதல் போட்டோம் என்ற ஒரே நியாயத்தைக் காட்டி, கம்பெனிகள் வெகுகாலம் வரும்படி முழுவதையும் விழுங்கி வந்தன. 2012-ஆம் வருஷம் பார்லிமெண்டு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டுப் பயன்படும் இடங்களில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சேரவேண்டிய பங்கை, எந்த ஒப்பந்தத்தாலும் கம்பெனிகள் பறிக்க இயலாதபடி அத்திருத்தம் செய்தது. அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயின் இச்சட்டத்தின் தண்டனைப் பகுதி இன்று யார் தலைமேல் தொங்குகிறது என்பதைச் சர்க்கார் ஆலோசித்ததாகத் தெரியவில்லை.

குரங்கணி மலைச்சரிவைப் பாருங்கள். ஏலமும் காப்பியும் விளையும் அப்பிரதேசத்திலும், கீழே போடிநாயக்கனூர் சுற்றுவட்டாரத்திலும் திருவிழா என்றால் பாட்டுக் கச்சேரி இல்லாமலிராது. அங்கே பாடுகிறவர்கள் சபாக்களின் சங்கீத வித்துவான்களல்லர். பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் மேடையேறிச் சினிமாப் பாட்டும் நாட்டுப் பாட்டும் பாடி, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள். இவர்களுக்கு மானேஜரும் இல்லை; வக்கீலும் இல்லை.

சட்டத்தின் 63-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? தெரிந்தே பிறர் பாத்தியதையை மீறுபவருக்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 3 வருஷம் வரை சிறைவாசம். 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸார் வாரண்டு இன்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வியாபார லாபங் கருதாமல் மீறியவருக்கு மட்டும், தக்க காரணங் காட்டிக் கோர்ட்டார் தண்டனையைக் குறைக்கலாம். இரவெல்லாம் தொண்டை வறளப் பாடிக் கூலி பெறுகிறவர் லாபங் கருதாதவர் ஆவாரா? ஆகாரென்றால், பிறர் படத்தை ஆயிரக்கணக்கில் பிரதியெடுத்து விற்கும் திருட்டு வியாபாரியும் அவரும் ஒரே பிரிவில் நிற்க நேரும்.

'தெரிந்தே' என்ற சொல் காப்பாற்றும் என்பர் சிலர். பாட்டின் சொந்தக்காரர் யார் என்பதே தெரியாதபோது அச்சொல்லுக்கு என்ன மதிப்பு? இளையராஜாவின் பாட்டுக்கள் யாருக்குச் சொந்தம் என்று இசைத்தட்டுக் கம்பெனிகளும் அவரும் வருஷக்கணக்காகச் சென்னை ஐகோர்ட்டில் வழக்காடினார்கள். நீதிபதிகளே ஆராய்ந்து சொல்லவேண்டிய விஷயத்தைப் போடியில் பாடுகிறவர் எங்கே போய் விசாரிப்பார்? 2017-ல் எஸ். பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்கையில் இளையராஜாவின் நோட்டீஸ் சென்றது. அவர் வேறு இசையமைப்பாளர்களின் பாட்டுக்களைப் பாடிக் கச்சேரியைத் தொடர்ந்தார். அவருக்கு அது கூடும். மக்கள் விரும்பிக் கேட்கும் பத்துப் பாட்டையே நம்பியிருக்கும் குழுவினருக்குக் கூடுமா?

மதச் சடங்கிலும் கல்யாண வைபவத்திலும் பாடுவது மீறலாகாது என்று சட்டமே விலக்களிக்கிறது. கல்யாணங்களில் கட்டணம் கேட்கலாகாதென்று 2023 ஜூலையில் மத்திய சர்க்கார் மறுபடியும் அறிவித்தது. நல்லதே. ஆனால் கோயில் வாசலுக்கு வெளியே போட்ட மேடையில் நடக்கும் கச்சேரி சடங்கைச் சேர்ந்ததா, வேடிக்கையைச் சேர்ந்ததா? அந்த வழக்கு முடியுமட்டும் வாத்தியங்கள் எங்கே கிடக்கும்?

பழம் பாட்டைத் தம் குரலில் மறுபடி பதிவு செய்ய விரும்புவோருக்கும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. முதற் பதிவு வெளிவந்து ஐந்து வருஷமாகியிருக்க வேண்டும்; வருஷம் 50,000 பிரதிகளுக்குரிய குறைந்தபட்சத் தொகையை முன்னதாகவே கட்டவேண்டும். ஐந்நூறு பேர் கேட்டாலே ஆனந்தப்படும் பாடகருக்கு இது வழியன்று, பூட்டு. ஒரு குறிப்பிட்ட பாஷையிலுள்ள பாட்டுக்களுக்கு இத்தொகையைக் குறைக்கலாம் என்றும் அதே பிரிவு இடங்கொடுக்கிறது. தமிழுக்கு ஏன் அதைக் கேட்டு வாங்கலாகாது?

குரங்கணிக்கு நேர் மேலே டாப் ஸ்டேஷன், அதற்கப்பால் தேவிகுளம். 1958-ல் தேவிகுளத்தில் உபதேர்தல் நடந்தபோது, பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டத் தொழிலாளரிடையே கம்யூனிஸ்டுக் கட்சிக்காகப் பாடினார். அக்கட்சியின் கொள்கை நமக்கு உடன்பாடா என்பது வேறு விஷயம். ஜனங்கள் அறிந்த சினிமா மெட்டில் புதுச் சொல் வைத்துப் பாடுவது அக்கால மேடை வழக்கம். பாவலரும் அவ்வாறு பாடியவரே. அவருடன் ஊர் ஊராகத் திரிந்து இசை பழகிய தம்பிதான் இளையராஜா. இன்றைய கண்டிப்பு அன்றே அமுலில் இருந்திருந்தால் அந்தக் குழு எத்தனை நாள் பாடியிருக்கும்?

தமிழ் நாட்டார் இத்தகைய சிக்கலை முன்பே ஒருமுறை தீர்த்திருக்கிறார்கள். பாரதியார் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறிக் கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்திருந்தது. 'பில்ஹணன்' படத்தில் டி. கே. எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைச் சேர்த்ததால், 1948-ல் தகராறு மூண்டது. தேசத்துக்காகப் பாடிய கவியின் பாட்டுக்கு ஒரு தனி மனிதரின் அனுமதியா என்று எழுத்தாளரும் பத்திரிகைகளும் கிளர்ச்சி செய்தனர். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபை செவிசாய்த்தது. செட்டியார் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். 1949-ல் சர்க்கார் உரிமையை ஏற்றது. 1955-ல் பாடல்கள் பொதுச் சொத்தாயின.

உயிரோடிருக்கும் கலைஞரின் உரிமையை அவ்வாறு எடுத்துக்கொள்ளும்படி நாம் கேட்கவில்லை; அது அநியாயம். சிறு மேடைகளில் பாடுகிறவர்களைச் சிறைத் தண்டனையிலிருந்து அடியோடு விலக்கவேண்டும். பாக்கி உண்டானால் கடன் போல் சிவில் கோர்ட்டில் வசூலித்துக்கொள்ளட்டும். கட்டணத்தை ஒரே இடத்தில், குழுவின் வருமானத்துக்குத் தக்கபடி, தமிழில் அச்சிட்ட விகிதப்படி கட்ட வசதி செய்யவேண்டும். அது உண்மையாகவே படைத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குக் கணக்குக் காட்டவேண்டும்.

இளையராஜா 2022-ல் ராஜ்ய சபைக்கு நியமனம் பெற்றார். கலைஞரின் உரிமைக்காக அவரளவு போராடியவர் இந்நாட்டில் சிலரே. மேடைப் பாட்டுக்காரரின் வயிற்றுப்பாட்டை அவரளவு அறிந்தவர் அச்சபையில் ஒருவருமிலர். இத்திருத்தத்தை அவரே தம் பெயரில் அங்கு பிரேரணை செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.