மலைக் கூலி வீட்டுக்கு முயல் வர எது தடை?

ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில் கானா, பெனின் என்ற நாடுகள் இருக்கின்றன. அங்கே ஏழை விவசாயிகள் கரும்பெலி என்ற பிராணியைக் கூண்டில் வளர்க்கிறார்கள். எலி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது நம் வரப்பில் வளை தோண்டும் எலி அல்ல; முள்ளம்பன்றிக்கு உறவான பிராணி. புல்லும் கரும்பும் தின்று வளருவது. நன்கு வளர்ந்த ஆண் 4 கிலோவுக்கு மேல் எடை நிற்கும். கானா நாட்டுச் சந்தையில் அதன் கறி மாட்டுக் கறியைவிட அதிக விலைக்குப் போகிறது.

முன்பு அந்த மக்கள் புல்வெளிக்குத் தீ வைத்து, வெளியே ஓடிவரும் பிராணியை அடித்துப் பிடித்தார்கள். புல்லும் போயிற்று, பக்கத்துப் பயிரும் போயிற்று. 1980-களில் பெனினில், ஜெர்மன் நாட்டு உதவியோடு, அதைக் கூண்டில் பழக்கும் முறையைக் கண்டு கிராமத்தாருக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் தெரிந்த வித்தை ஏழையின் கொல்லைக்கு வந்தது. நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அப்படியானால் பழனி மலையிலும் கரும்பெலியைக் கொண்டுவந்து இறக்கலாமா? கூடாது என்பதே நமது கருத்து. 1859-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு நிலப்பிரபு வேட்டைக்காக இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டான். அவை கோடிக்கணக்கில் பெருகி மேய்ச்சல் நிலத்தையே மொட்டையடித்தன. அவ்வளவு தூரம் போவானேன்? தோல் பதனிடும் பட்டைக்கென்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வாட்டில் மரம் கோடைக்கானல் மலையின் புல்வெளியை விழுங்கியதை நாமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இனி ஒரு புதுப் பிராணியை அந்நிய நாட்டிலிருந்து வரவழைக்கத் தேவையும் இல்லை. கூண்டிலே வளர்க்கத் தகுந்த பிராணி ஏற்கெனவே நம் மலையில் இருக்கிறது. அதுதான் பண்ணை முயல்.

கோடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போனால் மன்னவனூர். மத்திய சர்க்காரின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென் மண்டலக் கிளை 1965-ல் இங்கே துவக்கப்பட்டது. பாரத் மெரினோ ஆடுகளோடு, கறிக்கான முயல் இனங்களையும் இங்கே வளர்த்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் சோவியத் சின்சில்லா! மற்றொன்று வெள்ளை ஜெயன்ட். வேட்டையாடும் காட்டு முயல் வேறு, இது வேறு. காட்டு முயலைப் பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பண்ணை முயலை வளர்ப்பதற்கு அந்தத் தடை இல்லை.

முயலின் கணக்கைப் பாருங்கள். சினை சுமார் ஒரு மாதம். ஒரு ஈத்துக்கு 6 முதல் 8 குட்டி. மூன்று மாதத்தில் குட்டி சுமார் 2 கிலோ ஆகிவிடும். ஒரு பெட்டை ஆண்டுக்கு 5 ஈத்து ஈன்று, ஈத்துக்கு 5 குட்டி பிழைத்தால்கூட 25 குட்டி, 50 கிலோ எடை. மாட்டுக்கு வேண்டிய தொழுவம் வேண்டாம், ஆட்டுக்கு வேண்டிய மேய்ச்சல் நிலம் வேண்டாம். ஆட்டை ஓட்டிப்போய்க் காட்டுக் காவலரிடம் வசவும் அபராதமும் வாங்க வேண்டியதில்லை. மேல்மலையில் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் அறுவடையில் கழிபடும் தழையும் வரப்புப் புல்லும் தீனியாகும்.

தொல்லை இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். பூச்சி மருந்து அடித்த தழையைப் போட்டால் முயல் சாகும். ஈரப்புல் தின்றால் வயிறு உப்பும். கூண்டு சுத்தமாக இல்லாவிட்டால் கழிச்சலும் சொறியும் வந்து ஒரு கூண்டோடு நிற்காது. அதோடு இது குளிர்ச்சியை விரும்பும் பிராணி. கடுங்கோடையில் ஆண் முயலின் வீரியம் குறைந்து பெட்டைகள் சினை பிடிக்காமல் போகும். திண்டுக்கல்லிலும் உடுமலையிலும் தகரக் கூரைக்கடியில் வளர்ப்பது கஷ்டம். கோடை மலைக்கு ஏற்ற தொழில் இது.

இவ்வளவு வசதி இருந்தும், மேல்மலையில் பூண்டு பிடுங்கும் கூலிப் பெண் வீட்டிலும், கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டத் தொழிலாளி வீட்டிலும், பளியர் குடியிருப்பிலும் முயல் கூண்டு வர எது தடை? சோம்பலா? அறியாமையா? மேட்டுக்குடியினர் அப்படித்தான் சொல்வார்கள். உண்மையில் தடைகள் மூன்று.

முதல் தடை இடம். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவனுக்குச் சுவரும் சொந்தமில்லை, வாசலும் சொந்தமில்லை. இன்று கூண்டு வைத்தால் நாளை எடுக்கச் சொல்ல முதலாளிக்கு முடியும். பட்டா இல்லாத குடிசைக்கும் இதே கதிதான்.

இரண்டாவது தடை முதல். கால்நடைக்கு மானியம் என்று சர்க்கார் முழங்குகிறது. 2021-ல் திருத்தியமைத்த தேசிய கால்நடை இயக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுப் பண்ணைக்கு மானியம் பாதிச் செலவு. மீதிப் பாதியை நாமே போட வேண்டும் அல்லது பாங்கியில் கடன் வாங்க வேண்டும். மிகச் சிறிய பண்ணையே 100 பெட்டை, 5 கிடா! 100 ஆடு வைக்க வழியுள்ளவனா ஏழை? அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்கு 3 பெட்டை, 1 ஆண் முயல், ஒரு கூண்டு கொடுக்கும் திட்டம்தான் வேண்டும். 2011-ல் தமிழக சர்க்கார் நிலமற்றவர்களுக்கு இலவசமாக 4 ஆடு கொடுக்கும் திட்டத்தைத் துவக்கவில்லையா? அது ஆட்டுக்கு முடிந்தால் முயலுக்கு ஏன் முடியாது?

மூன்றாவது தடை சந்தை. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பெருந்துறை ஈமு கோழியை நாம் மறக்கலாமா? ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 குஞ்சு, மாதம் 6,000 ரூபாய் பராமரிப்புப் பணம், வளர்ந்த பறவையைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் என்றார்கள். நகையை அடகு வைத்தும், நிலத்தை ஈடு வைத்தும் ஜனங்கள் பணத்தைக் கொட்டினார்கள். 2012-ல் கம்பெனி கவிழ்ந்தது. தீனியின்றிப் பறவைகள் பட்டினி கிடந்தன. போட்டவன் பணம் போயிற்று. அந்தப் பறவையைக் கறிக்கு வாங்க ஆள் இருந்ததா? இல்லை. புதிதாகச் சேருகிறவன் பணத்தை முன்பு சேர்ந்தவனுக்குக் கொடுத்ததுதான் அந்த வியாபாரம். நாளைக்கே முயலை வைத்தும், வேறு பிராணியை வைத்தும் இதே பித்தலாட்டம் வரலாம். "குட்டியை வாங்கு, திரும்ப நாங்களே வாங்குவோம்" என்று எவன் வந்தாலும், "கறியை யார் தின்கிறார்கள்? எந்தக் கடையில் விற்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் விரட்டுங்கள்.

ஆகவே நாம் கோருவது இதுதான். நிலமற்ற மலைக் குடும்பங்களுக்குக் குடிமனைப் பட்டா கொடு. சிறு அளவில் முயலும் கூண்டும் இலவசமாகக் கொடு. மன்னவனூர் வித்தையைத் தாண்டிக்குடிக்கும் கவுஞ்சிக்கும் கொண்டுவந்து சொல்லிக்கொடு. பயிற்சி நாளுக்குக் கூலியும் கொடு. மாட்டுக்கு வரும் டாக்டர் முயலுக்கும் வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடை போட்டு, விலை சொல்லி வாங்க ஒரு கூட்டுறவுச் சங்கம் அமை. பாலுக்கு ஊர்தோறும் சங்கம் வைக்க முடிந்த நாட்டில் முயலுக்கு ஒரு மலையில் வைக்க முடியாதா?

பஞ்சாலைத் தோழர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மலைத் தொழிலாளி வளர்க்கிறான். நீங்கள் வாங்கித் தின்கிறீர்கள். இடையில் தரகன் புகுந்தால் அவனுக்கும் குறைந்த விலை, உங்களுக்கும் அதிக விலை. உங்கள் ஆலைக் கூட்டுறவுப் பண்டகசாலை மலைச் சங்கத்தோடு நேராகக் கைகோத்தால் இருவருக்கும் லாபம்.

கடைசியாக ஒன்று. முயலைக் காட்டிக் கூலியைக் குறைக்கப் பார்ப்பவர்களும் வருவார்கள். "உனக்குத்தான் முயல் வருமானம் இருக்கிறதே" என்பார்கள். ஏமாறாதீர்கள். கூலி, உழைப்புக்கு உரியது. முயல், வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் ஓய்வு நேரத்தைக் கொடுத்துச் சேர்க்கும் சம்பாத்தியம். ஒன்றுக்கு மற்றொன்று ஈடல்ல. கூலி உயர்வுக்கும் போராடுவோம், கூண்டுக்கும் போராடுவோம்.