மேடு பள்ளம்: அவசரம் வேண்டாம்

லிப்போசக்‌ஷன் முடிந்து சில வாரங்கள். இடுப்பின் ஒரு பக்கம் வற்றியிருக்கிறது; மறுபக்கம் புடைத்திருக்கிறது. உடனே இன்னொரு ஆபரேஷனா?

வேண்டாம் என்கிறது மருத்துவம். ஆரம்பத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வுக்குப் பெரும்பாலும் வீக்கமே காரணம். டாக்டர் தரும் இறுக்கமான உள்ளுடையை அணிந்துவந்தால் படிப்படியாக வடியும். உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். அதன் பிறகும் பள்ளம் நீடித்தால் உடலின் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்து ஊசியால் நிரப்பலாம். மேட்டை மீண்டும் உறிஞ்சிச் சரிசெய்யலாம். தொங்கும் தோலுக்கு மட்டும் இது உதவாது. அதை வெட்டித் தைக்கத்தான் வேண்டும்.

ஆனால் திருத்தமும் ஆபரேஷன்தான். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் 2025 பிப்ரவரியில் ஒரு அழகு சிகிச்சை மையத்தில் வயிற்றுக் கொழுப்பை அகற்றிக்கொண்ட பெண்ணுக்குக் கடும் சிக்கல் ஏற்பட்டது. கை, கால் விரல்கள் ஒன்பதை அகற்ற நேர்ந்தது.

எனவே திருத்தத்துக்குப் போகுமுன் மூன்று கேள்விகள்: டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா? மயக்க மருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா? கேரளத்தின் 2018 சட்டப்படி மையம் பதிவானதா? பதில் தெளிவாக வராத இடத்தில் மேடு பள்ளத்தோடு இருப்பதே மேல்.